ஒரு கீறலுக்குப் பந்தயம்

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஆனாலும் இதை இன்னொருவரை வைத்து எழுதுவிக்கவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஓடும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

விடுமுறை என்று சொல்லி நான் போய்வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். ஐந்து நாள். தக்காளிக் கொட்டகையில் ஐந்து வருடம் பெட்டி அடுக்கினேன். அங்கேகூட அந்த ஐந்து நாளில் களைத்ததுபோல் களைத்ததில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓக்லண்டுக்குத் தெற்கே, பாபகூராவில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் இருந்தோம். மகள் கலியாணம் முடித்து வெலிங்டனுக்குப் போய்விட்டாள். இவருக்கு ஓக்லண்ட் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகு திருத்தும் ஓர் இடத்தில் வேலை. மரத்தைத் தேய்ப்பது, பூசுவது. உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, இந்த இடம் இன்னும் தேயவேண்டும் என்று சொல்லுவார். கையே கண்ணாக வேலை செய்ததால் அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது, இவருடைய கண் மங்கிக்கொண்டு வருவது.

எனக்குத் தெரியும். காரில் இவருக்குப் பக்கத்தில் இருப்பது நான்தானே. "லைற் சிவப்பு." "முன்னால லொறி." "நாய் குறுக்க வருது." சந்தைக்குப் போனாலும் கோயில் கூட்டத்துக்குப் போனாலும் என் வாய் ஓயாது. வீட்டுக்கு வந்து இறங்கினால் கழுத்து விறைத்துப்போயிருக்கும். வேலைநாளில் இவர் தனியாக மோட்டர்வேயில் போவார். ஐந்து மணிக்குக் கார்ச் சத்தம் கேட்கும்வரைக்கும் என் கை தக்காளியில் இருக்கும், மனம் றோட்டில் இருக்கும். இவருடைய தமையனாருக்கு ஊரில் கண்ணை வெட்டி, அதோடு இருந்த வெளிச்சமும் போய்விட்டது. அதனால் டொக்டர் என்ற சொல்லை எடுத்தாலே இவர் எழும்பிப் போய்விடுவார்.

அந்த வருடம் இவருடைய முதலாளியும் மனைவியும் மத்தியதரைக் கடலில் பாய்மரப் படகில் மூன்று கிழமை சுற்றிவிட்டு வந்தார்கள். வேலைக்காரர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிட்டு, யன்னல் சீலைகளை இழுத்து மூடிவிட்டு, சுவரில் படம் படமாகக் காட்டினார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். படம் மாறியவுடன் என் பக்கம் சாய்வார்.

"என்னவாம் இது?"

"மலையில வெள்ளை வெள்ளையா வீடுகள். கீழ கடல்."

"அவள் எங்க நிக்கிறாள்?"

"படகில சரிஞ்சு கிடக்கிறா. பெரிய தொப்பி. கையில கிளாஸ்."

உடனே இவர் இங்கிலீசில் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "நல்ல வடிவான இடம்" என்று சொல்லுவார். நான் சொல்ல இவர் புகழ, இப்படியே ஒன்றரை மணித்தியாலம். முதலாளியின் மனைவி என்னிடம் வந்து, உங்கள் கணவருக்கு எங்கள் படம் நன்றாகப் பிடித்துவிட்டது என்றாள். நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கதை வந்தது.

"இஞ்சரப்பா, தை மாத லீவில முதலாளி எங்களுக்கும் அஞ்சு நாள் வள்ளம் தாறானாம். நான் மாரி முழுக்கத் தேய்ச்சுப் பூசினது. நீயே முதல் கொண்டு போ எண்டுறான்."

"எனக்கென்னத்துக்கு வள்ளம்? எங்கட பக்கத்தில பொம்பிளையள் வள்ளத்தில கால் வைக்கிறேல்லை."

உண்மைதான். என்னைப் பெற்ற ஐயாவுக்கு மூன்று வள்ளம் இருந்தது. எனக்கு அதன் விளிம்பைத் தொடக்கூட விட்டதில்லை.

"அது அங்க. இது வெள்ளைக்காரன்ர வள்ளம்."

"கண் தெரியாமல் கடலுக்குப் போகப் போறீங்களோ?"

"ஆருக்கடி கண் தெரியாது?" சோற்றுக் கையோடு மேசையில் ஓங்கி ஒரு தட்டு. பிறகு சிந்திய சோற்றைக் கூட்டி எடுத்துவிட்டுச் சொன்னார்: "சரி. பந்தயம் பிடிப்பம். வள்ளத்தில ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து கட்டினா, நீ சாகிறவரைக்கும் கண் எண்ட கதை எடுக்கக் கூடாது. கீறல் விழுந்தா, நீ சொல்லுற டொக்டரிட்ட வாறன்."

"எந்த டொக்டர் எண்டாலுமோ?"

"எந்த டொக்டர் எண்டாலும்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். கோப்பை கழுவும்போதுதான் யோசனை வந்தது. கடலில் ஒரு கல்லோ கட்டையோ வந்தால் நான்தான் கண்டு சொல்லவேண்டும். கண்டு சொன்னால் இவர் வென்றுவிடுவார். சொல்லாமல் விட்டால் ஊரான் வள்ளம் உடையும், இரண்டு பேரும் தாழுவோம். நான் எந்தப் பக்கம் இழுத்தாலும் தோற்கிற பந்தயத்துக்கு ஓம் என்று தலையாட்டியிருந்தேன்.

தை மாதத்தில் புறப்பட்டோம். அரிசி, பருப்பு, ரின்னில் அடைத்த மீன், ஒரு போத்தல் ஊறுகாய், சுடுதண்ணிப் போத்தல். காற்று பிடித்தவுடன் இவர் ஊரில் பாய்வள்ளம் ஓடின பழைய ஆளாகிவிட்டார். அதை நான் மறைக்கமாட்டேன். காதை இப்படியும் அப்படியும் திருப்பிக் காற்றைக் கேட்டார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தே பாயைத் திருப்பினார். சுக்கானில் இருந்தபடி, எங்களைத் தாண்டிப்போன பெரிய படகுகளுக்குக் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். படகுகள் போய் மறைந்த பிறகும் கை தூக்கியபடியே இருந்தது. "இறக்குங்கோ, அவங்கள் போயிட்டாங்கள்" என்றேன்.

நான் முன்னுக்கு இருந்து பின்னுக்குக் கத்தினேன். "இடக்கைப் பக்கம் சிவப்பு மிதவை. தூரம்." "நேரே ஒரு சின்னப் படகு, ரெண்டு பேர் மீன் பிடிக்கினம்." காற்று என் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும். திரும்பவும் கத்தவேண்டும். கண்ணில் உப்பு. சேலைத் தலைப்பு முகத்தில் அடிக்கும். அந்த மத்தியதரைக் கடல்காரி கிளாசோடு சாய்ந்திருந்த இடத்தில் நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

வழி காட்டும் கடல் படத்தைப் பார்ப்பதும் என் வேலைதான். முதலாளி புதிதாக வாங்கிச் சுருட்டி வைத்திருந்த படம் அது. எனக்கு இங்கிலீசு எழுத்து ஒன்றும் தெரியாது. இலக்கம் தெரியும். தீவின் உருவத்தை நான் சொல்லுவேன், "வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கு, பக்கத்தில ஒரு கச்சான் கடலை" என்று. இவருக்கு எந்தத் தீவு என்று விளங்கிவிடும். கடலுக்குள் அச்சடித்திருக்கும் இலக்கங்களை வாசிப்பேன். வாசிக்கத் தெரிந்தவருக்குத் தெரியவில்லை, தெரிந்தவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. இப்படியே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மாலுமியாகி, மூன்று நாள் ஒரு கீறல் இல்லாமல் ஓடினோம். மூன்றாம் நாள் பின்னேரம் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. இவர் பாட்டுப் பாடினார்.

நாலாம் நாள் முற்பகல் வைஹீக்கித் தீவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடாவுக்குள் போனோம். கடல் பெருகி நின்ற நேரம்.

"வத்தினா எவ்வளவு தண்ணி நிக்கும்? பார்."

"ஒண்டு எண்டு கிடக்கு."

"ஒரு பாகம். ஆறடி. வள்ளத்துக்கு நாலரை போதும். நங்கூரத்தை விடு."

"இஞ்சேருங்கோ, இந்த மூலையில ஊதா நிறத்தில பெரிய எழுத்தா ஏதோ கிடக்கு."

"அச்சடிச்சவன்ர பேராயிருக்கும். விடு நங்கூரத்தை."

பாகம் என்றால், இரண்டு கையையும் அகல விரித்தால் வருகிற நீளம். எங்கள் ஆட்கள் ஆழம் அளப்பது அப்படித்தான். இவர் வேலை செய்யும் இடத்தில் சுவரில் தொங்கிய பழைய கடல் படங்களிலும் அதே கணக்குத்தானாம். ஆறடி என்று நம்பி நங்கூரத்தை விட்டேன். சோறு வைத்தேன். சொதி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, நாலு நாளில் முதல் தடவையாக, ஒன்றையும் பார்க்காமல் கண்ணை மூடினேன்.

சொதிச் சட்டி என் காலடிக்கு வந்துதான் என்னை எழுப்பியது. வள்ளம் சரிந்திருந்தது. கோப்பைகள் ஒரு மூலைக்கு ஓடியிருந்தன. வெளியே எட்டிப் பார்த்தால், கரை பக்கத்தில் வந்துவிட்டது போல இருந்தது. தண்ணீர் வற்றி, இடுப்பளவுதான் மிச்சம். நாங்கள் சேற்றில் ஏறிச் சாய்ந்து கிடந்தோம்.

"வத்தினது காணும், இனி வத்தாது," என்றார் இவர், சரிந்த பலகையைப் பிடித்தபடி.

"இனி வத்துறதுக்கு என்ன கிடக்கு?" என்றேன்.

குடாவின் வெளிப்பக்கத்தில் நின்ற ஒரு படகிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி சின்னத் தோணியை வலித்துக்கொண்டு வந்தாள். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கவேண்டும். இவர் சரிவில் ஒரு கையை இடுப்பில் வைத்து நிமிர்ந்து நின்றுகொண்டு இங்கிலீசில் பதில் சொன்னார். அவள் தலையாட்டி, சிரித்துச் சிரித்து இன்னும் ஏதோ சொன்னாள். இவரும் பெரிதாகச் சிரித்தார். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டது. கிழவி என்னையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி வலித்துக்கொண்டு போய், தன் படகில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னனீங்கள் அவவுக்கு?"

"வேணுமெண்டுதான் ஏத்தினனான் எண்டனான். அடிப்பக்கம் பாசி சுரண்ட." ஓக்லண்ட் ஆட்கள் அப்படிச் செய்வதுண்டு. "எடு பிரஷை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

மாரி முழுக்க இவரே தேய்த்துப் பூசிய வள்ளம். பாசி என்று சொல்ல அதில் ஒரு நூல்கூட இல்லை. ஆனாலும் கிழவி பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் பிரஷோடும், நான் சட்டி தேய்க்கும் தும்போடும் தண்ணீருக்குள் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர், முழங்கால்வரை சேறு. இல்லாத பாசியை இரண்டு மணித்தியாலம் சுரண்டினோம். சேலையில் சேறு ஏறி ஒரு மூட்டை நெல்லுப் பாரம் இருந்தது.

"அதுக்குப் பிறகு அவ என்ன சொன்னவ?"

"நல்ல வெயிலாம்."

"வெயிலுக்கே உங்கட காது சிவந்தது?"

இவர் கொஞ்சம் சுரண்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "புதுப் படத்தில பாகக் கணக்கு இல்லையாம். மீற்றராம். பாதிதான் வரும். ஒவ்வொரு வருசமும் ஆரோ ஒருத்தன் பழைய நினைப்பில வந்து இதில ஏறுறவனாம். படத்தின்ர மூலையில பெரிசா எழுதியிருக்காம்."

"ஊதா எழுத்து. நான் சொன்னனான்."

"எழுத்திருக்கு எண்டுதானே சொன்னனி. என்ன எழுத்து எண்டு சொன்னனியோ?"

"எழுத்துத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் உங்களைக் கட்டுறன்?"

இவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கிழவி தன் படகிலிருந்து கையை ஆட்டினாள். நான்தான் ஆட்டிப் பதில் சொன்னேன். இவருக்கு அவள் நின்ற திசையே தெரியவில்லை.

அந்தச் சிரிப்போடு இவர் சொல்லியிருக்கலாம், இவ்வளவும் போதும், டொக்டரிடம் போவோம் என்று. சொல்லுவார் என்றுதான் நான் காத்திருந்தேன். பின்னேரம் தண்ணீர் திரும்பிப் பெருகி, படுத்த மாடு எழும்புவதுபோல வள்ளம் மெல்ல எழும்பியது. வெயில் இன்னும் இருந்தது. இவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று, முன்னிருந்து பின்வரை அடிப்பக்கம் முழுவதும் கையால் தடவிவிட்டு ஏறி வந்தார்.

"ஒரு கீறல் இல்லை. சேறு பஞ்சு மாதிரி. இன்னும் ஒரு நாள்தான் கிடக்கு. உன்ர டொக்டர் வேற ஆளைப் பார்க்கவேண்டியதுதான்."

 சேலையை அலசிக் கம்பியில் போட்டேன். அலசி முடிய நகக்கண்ணுக்குள் சேறு மிச்சம் இருந்தது.

அடுத்த நாள் விடிந்தவுடன் ஓக்லண்ட் பக்கமாகத் திரும்பினோம். காற்று பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளியது. கடல் எண்ணெய் போல இருந்தது. இவர் சுக்கானைப் பிடித்தபடி அடுத்த வருடக் கதை கதைத்துக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் பத்து நாள் கேட்பாராம். வடக்கே இன்னும் தூரம் போகலாமாம். "உனக்கும் இப்ப பழகிப்போச்சுத்தானே."

எனக்குப் பழகித்தான் போயிருந்தது. பத்து நாள், பிறகு இருபது நாள், பிறகு றோட்டு, லைற், லொறி. என் கண் இரண்டும் சாகும்வரை இவருக்குக் கூலி வேலை செய்யும்.

அப்போதுதான் அந்த மிதவையைக் கண்டேன். சிவப்பு. இரும்பு. ஒரு சின்ன வீட்டளவு, மேலே கம்பிக்கூடு. நல்ல தூரத்திலேயே கண்டேன். சொல்லுவதற்கு வாயைத் திறந்தேன், வாய் திறந்தபடியே இருந்தது. சொல் வரவில்லை. கோபத்தில் செய்ததில்லை. கோபம் என்றால் அதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். களைப்பில் செய்தது. நேரே போய் முட்டமாட்டோம், இடப்பக்கத்தால் உரசிக்கொண்டு போவோம் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். ஐந்து நாளில் எனக்கு அவ்வளவு படகோட்டம் வந்திருந்தது. இவர் வடக்கே உள்ள குடாக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மிதவை பெருத்துப் பெருத்து வந்தது. அதன் துருவைக் கண்டேன். அதில் இருந்த பறவையின் எச்சத்தைக் கண்டேன்.

"வலக்கைப் பக்கம் தள்ளுங்கோ! வலக்கை!"

இவர் திருப்பினார். ஆனாலும் வள்ளம் முழு நீளத்துக்கும் ஒரு சத்தம் போட்டது. பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். மிதவை ஆடி ஆடிப் பின்னுக்குப் போனது.

"நீ காணேல்லையோ?"

"வெயில் கண்ணுக்க அடிச்சுப்போட்டுது."

இவர் பிடரியை ஒருதடவை தடவினார். பிறகு, "ம்" என்றார். அதற்குப் பிறகு கட்டுகிற இடம்வரைக்கும் நான் ஒவ்வொரு கட்டையையும், ஒவ்வொரு பறவையையும் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் அதே "ம்".

வள்ளத்தைக் கட்டியவுடன் இவர் கட்டுதுறைப் பலகைமேல் முழங்காலில் இருந்து, குனிந்து, இடப்பக்கத்தைத் தடவத் தொடங்கினார். முன்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லக் கை வந்தது. நடுவில் நின்றது. அந்த இடத்தில் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் போய்வந்தார்.

"ஒரு முழம் இருக்கும்," என்றார்.

"ஒண்டரை," என்றேன்.

முதலாளி வந்தான். இவர் தன்னுடைய பிழை என்று சொல்லி, சனிக்கிழமைகளில் வந்து தானே திருத்தித் தருவதாகச் சொன்னார். காருக்குப் போகும்போது திறப்பை என் கையில் தந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது இவருக்குத் தெரியும். நாங்கள் காரை அங்கேயே விட்டுவிட்டு ரெயிலில் வந்தோம்.

"எப்ப போறது டொக்டரிட்ட?" என்று கேட்டார்.

ரெயிலில் நான் யன்னல் பக்கம் இருந்தேன். வெளியே பார்க்கவேண்டிய தேவை இல்லை. பாபகூரா வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

டொக்டர், கண்ணில் புரை என்றார், வெட்டலாம் என்றார். தமையனாரின் கதையை இவர் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டார். முறை வர மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதுவரை இவர் ரெயிலில் வேலைக்குப் போனார். ஒரு கண் வெட்டி, அது சரி வந்த பிறகு மற்றக் கண். தடித்த கண்ணாடி ஒன்று போட்டார்கள். முதல் கிழமை முழுக்க, வீட்டில் இருந்த மா வைக்கும் பேணி, தீப்பெட்டி, மருந்துப் போத்தல் என்று எழுத்திருந்த எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு வந்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்களை ஏற்றும் பெரிய படகில் வைஹீக்கிக்குப் போய்வரலாம் என்றார். டிக்கட் எடுத்துப் போகிற படகு. நான் ஒன்றையும் பார்க்கவேண்டியதில்லை. மேல்தட்டில் ஒரு வாங்கில் இருந்தோம். பாண் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இவர் என் முழங்கையைத் தொட்டார்.

"அதுவோ?"

அதுதான். அதே சிவப்பு, அதே துரு. மேல்தட்டிலிருந்து பார்க்கவும் பெரிதாகத்தான் இருந்தது.

"ஓம்," என்றேன்.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, அது பின்னுக்குப் போகும்வரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உவ்வளவு பெரிசோ?"

"ஓம்."

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இவர் வாங்கி, ஒரு வாய் குடித்தார்.

"அண்டைக்குக் காலமை நாங்கள் மேற்காலதானே வந்தனாங்கள்," என்றார். "வெயில் என்ர பிடரியில சுட்டுக்கொண்டிருந்தது."

நான் சுடுதண்ணிப் போத்தலின் மூடியை இறுக்கினேன். இவர் பாணில் ஒரு துண்டை எடுத்து, நடுவில் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் நீட்டினார்.